நாலு மூலை

மழை பெய்யும்போது ஒழுகாது.
அதுதான் இந்தக் காரின் குணம்.
மழை விட்டு, தெரு மினுங்கத் தொடங்கி,
வெள்ளவத்தைச் சந்தையடியில்
சிவப்பு விளக்குக்கு நான் பிரேக் பிடிக்க,
கூரைத் துணிக்குள் அதுவரை பதுங்கிக் கிடந்தது
ஒரு கோப்பை அளவு
பரமகுருவின் மடியில் இறங்கும்.

அவர் ஒன்றும் சொல்வதில்லை.
சுப்பர்மார்க்கட் பையை விரித்து
துடையில் போட்டபடி பேப்பர் படிப்பார்.
அந்தப் பேசாமைதான் எனக்கு
ஒழுக்கைவிடப் பெரிய குளிர்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வண்டி.
கனடாவுக்குப் போன பல்வைத்தியர் விற்றது.
சண்ரூஃப் இருக்கு என்று ஐம்பதாயிரம் கூட்டிச் சொன்னார்.
கொழும்பில் வெயிலைக் காசு கொடுத்து வாங்கிய
ஒரே குடும்பம் நாங்கள்தான்.

திறந்ததும் மூன்றே தடவை.
புதுவீட்டுத் திரைக்கம்பி, ஒன்பதடி,
நட்டுவைத்த கொடிமரம் போல வெளியே நீட்டிக்கொண்டு
காலி வீதி முழுக்கச் சிரிக்க வந்து சேர்ந்தோம்.
(ஒரு முனைக்குமிழ் எங்கே போனதென்று
அன்று தொடங்கிய வழக்கு.
பையைப் பிடித்தது அவர். பூட்டியது நான்.)
பிறகு யதுர்ஷா, ஏழு வயதில்,
மரீன் டிரைவில் தலையை வெளியே விட்டு
உப்புக்காற்றைக் கடித்துப் பார்த்தாள்.
மற்றது சோதனைச் சாவடியில்.
டோர்ச் ஒன்று கண்ணாடியில் தட்டித் திறக்கச் சொன்னது.
திறந்தேன்.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம், அவனும்தான்.
வானம் இருந்தது.
அதனிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கவில்லை.

ஒழுக்குக்கு முதலில் சிலிக்கன்.
பல்லுக்கு அடைப்பது போல சுற்றிவர அடைத்தோம்.
அடுத்த மழைக்கு அது வேறு வழி கண்டது:
தூணுக்குள்ளால், சீட் பெல்ட் வழியே, காலடிக்கு.
கம்பளத்தில் காளான்.
நாயில்லாத காரில் நனைந்த நாயின் மணம்.
பஞ்சிகாவத்தையில் ரப்பர் கேட்டேன்.
"மிஸ், இந்த மொடலுக்கா?" என்று
கடைக்காரர் உள்ளே திரும்பி
இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.
புதுக்கார் விலைக்கு எங்கள் ஃபிளட்டின் பாதி போய்விடும்,
அதுவும் சமையலறைப் பாதி.

தெகிவளையில் டயர் மாற்றப்போன இடத்தில்
இன்சாப் என்ற பொடியன், கேட்காமலே,
பிளேட்டால் என் சிலிக்கனைக் கீறித் திறந்தான்.
"கண்ணாடி தண்ணியை மறிக்கிறதில்ல மிஸ்.
உள்ள வரட்டும் எண்டுதான் செஞ்சிருக்கான்."
சுற்றிவர ஒரு சின்ன வாய்க்கால்.
நாலு மூலையிலும் கடலைப் பருப்பளவு துளை.
துளைக்குக் கீழே குழாய்,
தூண்களுக்குள் ஒளிந்து இறங்கி
சக்கரங்களுக்குப் பின்னால் வெளியே.
இத்தனை வருஷமும் நாலு அருவிகளுக்கு நடுவில்
கியர் மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

புல்வெட்டியின் நைலோன் நரம்பை விட்டான்.
வேப்பம்பூ, கறுத்துக் களியாகி.
எறும்பு, முழுக் கிராமமாக.
முன் இடது மூலையில் நரம்பு போகவே இல்லை.
விரலால் தோண்டினான்.
துளைக்குமேல் தொப்பி போல் குந்தியிருந்தது
பித்தளை நிறத்து ஒரு பிளாஸ்டிக் குமிழ்.

பரமகுரு அதை வாங்கி
சட்டையில் துடைத்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
வழக்கு யாருக்குத் தீர்ந்தது என்று
இருவரும் கேட்கவும் இல்லை.

பிறகு நான் மேலே கோப்பையால் ஊற்ற
அவர் சக்கரத்தடியில் குந்தியிருந்து கூவினார்:
வருது. ... வருது! ... இதுவும் வருது.
பின் இடதில் வெகுநேரம் சத்தமே இல்லை.
"குழாய் உள்ள கழண்டிருக்கும்," என்றான் இன்சாப்,
"கூரைத் துணி முழுக்கக் கழட்டோணும். இன்னொரு நாளைக்கு."

அன்று பின்னேரமே இடித்துக்கொண்டு மழை.
வெள்ளவத்தைச் சந்தையடி. சிவப்பு.
வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடித்தேன்.
அவர் மூச்சைப் பிடித்தார்.
ஒன்றும் விழவில்லை.
இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தார்,
மேலே பார்த்தபடி.

பச்சை விழுந்தது.
மடியிலிருந்த பையை எடுத்து நாலாய் மடித்து
திரும்பாமலே பின்னுக்கு நீட்டினார்,
இடது மூலையில்
ஃபோனில் மூழ்கிக் கிடந்த மகளிடம்.